கன்னியம்மாள் வேலைக்கு வந்திருந்தாள்

பூண்டு உரிப்பது ஒன்றும் கடினமான வேலை இல்லை, ஐயா. கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு வைத்தால் தோல் தானாகக் கழன்று வந்துவிடும். உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். பேசிக்கொண்டே செய்யலாம். அசதியாக இருந்தால் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்ளலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எங்கள் சமையற்கூடத்தில் அடிபட்டவர்களுக்கு இந்த வேலையைத்தான் நான் கொடுத்து வந்தேன். இதில் ஒளிப்பதற்கு எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நீங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னதால் அப்படியே சொல்கிறேன்.

என் பெயர் அமலநாதன். வயது ஐம்பத்தாறு. முதலியார்பேட்டையில் கடலூர் சாலை மேல் இருக்கிற அந்தச் சமையற்கூடத்தில், அது தொடங்கிய நாளிலிருந்து நான்தான் சூப்பர்வைசர். ஆலை கேன்டீன்களுக்கும் விடுதிகளுக்கும் சில பள்ளிக்கூடங்களுக்கும் அங்கிருந்துதான் வேனில் சாப்பாடு போகிறது. அறுபது பேர் வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள், வீட்டு ஆணுக்கு ஆலை வேலை போய்விட்டதால் வந்தவர்கள். பாதிப் பேர் அரியாங்குப்பத்திலிருந்து ஆற்றைத் தாண்டி நடந்தே வருகிறார்கள். என்னை எல்லோரும் பிரெஞ்சு மரியாதைப்படி முசே என்று கூப்பிடுவார்கள். என் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரி என்கிற நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். அவரைப் போலவே நானும் ஆவேன் என்று பிரெவே என்கிற பிரெஞ்சுப் பரீட்சை வரை படித்தேன். நான் உத்தியோகத்தில் உட்கார்ந்து நாற்காலி சூடாவதற்குள் துரைமார்கள் மூட்டை கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு என் படிப்பை வைத்துக்கொண்டு ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதக்கூட முடியவில்லை. அலைந்து திரிந்து நாற்பத்தேழாவது வயதில்தான் இந்த வேலை கிடைத்தது. இதையும் விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தப் படிப்பு எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு பழக்கம். சட்டம் என்றால் வரி வரியாகப் படிப்பேன். வரியில் இருப்பதைச் செய்வேன், இல்லாததைச் செய்ய மாட்டேன். தொழிற்சாலையில் ஒருவருக்கு அடிபட்டு, அதனால் அவர் நாற்பத்தெட்டு மணி நேரம் வேலை செய்ய முடியாமல் போனால் உங்கள் தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். உயிர் போனால் உடனே அறிவிக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததா. பலமுறை படித்துப் பார்த்துவிட்டேன். வேலை செய்ய முடியாமல் போனால் என்றுதான் இருக்கிறது. அடிபட்டவர் இரண்டு நாளைக்குள் வேலைக்கு வந்துவிட்டால் அறிவிக்க எதுவும் இல்லை.

இதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஆரம்ப காலத்தில் காய் நறுக்குகிற ஒருவர் விரல் நுனியைச் சீவிக்கொண்டார். வீட்டில் இருந்தால் அன்றைய கூலி போய்விடுமே என்று கையில் கட்டோடு மறுநாள் அவராகவே வந்து நின்றார். பாவமாக இருந்தது. ஸ்டோர் ரூமில் வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டுப் பூண்டு உரிக்கச் சொன்னேன். சாயந்திரம் முதலாளி வந்து பார்த்தார். 'ஆளு வந்துட்டாரா? அப்பறம் என்ன முசே, எழுதறதுக்கு ஒண்ணுமில்லியே' என்றார். இல்லை என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாருக்குக் கையோ காலோ போனாலும் அந்தப் பாய் இருந்தது. பெண்கள் அதற்குக் குந்துற வேலை என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒருத்திக்குக் கொஞ்சம் எண்ணெய் தெறித்தால் மற்றவர்கள் கேலி செய்வார்கள்: 'ஒனக்கென்னடி, நாளைலேந்து குந்துற வேல.' அதை ஒரு சலுகையாகத்தான் அவர்களும் எடுத்துக்கொண்டார்கள். நானும் சலுகையாகத்தான் கொடுத்தேன். பண்டிகைக்குப் பண்டிகை என் வீட்டுக்குப் பலகாரம் வரும், அந்த அளவுக்கு மரியாதை வைத்திருந்தார்கள்.

இனி அந்த அண்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சோறு வேகிற அண்டாக்கள் எங்களிடம் நான்கு உண்டு. நீராவியில் வேகும். ஆள் இறங்கிக் குளிக்கிற அளவுக்குப் பெரியவை. இரண்டு பக்கமும் அச்சில் தொங்கும். சோறு வெந்ததும் கைப்பிடியைச் சுற்றி அண்டாவைச் சாய்த்தால் கஞ்சி வடிந்து காலுக்குக் கீழே இருக்கிற கால்வாயில் ஓடும். சாயாமல் பிடித்து நிறுத்துவதற்கு ஓர் இரும்புக் கொண்டி உண்டு. மூன்றாவது அண்டாவுக்கு அந்தக் கொண்டி தேய்ந்து போய்விட்டது. மாட்டினால் நிற்கும், ஆனால் எப்போது நழுவும் என்று சொல்ல முடியாது. நான்தான் கட்டுக்கம்பி வாங்கிவந்து நான்கு சுற்று சுற்றி இறுக்கினேன். புதுக் கொண்டி பற்ற வைக்க வேண்டுமானால் அண்டாவைக் கழற்ற வேண்டும், நீராவிக் குழாயை அடைக்க வேண்டும், இரண்டு மூன்று நாள் அத்தனை பேருக்குச் சோறு குறையும். முதலாளியிடம் சொன்னேன். 'பள்ளிக்கூட லீவுல பாத்துக்கலாம் முசே. நீங்க இருக்கீங்க இல்ல' என்றார். நான் இருந்தேன். லீவு வந்தது, போனது.

சின்னப்பாப்பாதான் அங்கே தலைமைச் சமையல்காரி. உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து எல்லாவற்றையும் சொன்னவளும் அவள்தான் என்று எனக்குத் தெரியும். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் சொன்னது ஒன்றுகூடப் பொய்யில்லை. கம்பி கட்டிய அன்றைக்கே அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று சொன்னாள்.

'முசே, இது என்ன வேலிப் படலா, கம்பி போட்டுக் கட்டறதுக்கு? ஒருநா இந்த அண்டா எவளையாவது காவு வாங்கும்.'

'பார்த்து வடிக்கச் சொல்லு' என்றேன்.

பார்த்துத்தான் வடித்தார்கள். ஆனாலும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அஞ்சலாட்சிக்கு முழங்கால் வரைக்கும் வெந்துவிட்டது. அன்றைக்குக் கம்பி அறுந்து அண்டா கொஞ்சம்தான் சாய்ந்தது. அவளை மூன்று வாரம் பாயில் உட்கார வைத்தேன். ஆறிவிட்டது. தோல் மட்டும் வேறு நிறமாகிவிட்டது, மற்றபடி நன்றாக நடக்கிறாள். நான் வேறு கம்பி வாங்கி ஆறு சுற்றாகச் சுற்றினேன். அந்த வருஷம் பாதுகாப்பு வாரத்தில் விபத்தில்லாத இடம் என்று எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். முதலாளி என்னைத்தான் மேடைக்கு அனுப்பினார். சட்டையில் பூவெல்லாம் குத்திக்கொண்டு வாங்கிவந்தேன்.

நீங்கள் இடையில் ஒரு கேள்வி கேட்டீர்கள். அஞ்சலாட்சிக்கு வெந்ததை அன்றே அறிவித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. நீங்கள் வந்திருப்பீர்கள். கம்பியைப் பார்த்திருப்பீர்கள். அண்டாவை நிறுத்தச் சொல்லியிருப்பீர்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். நீங்கள் வரக்கூடாது என்பதற்காகத்தான் நான் அறிவிக்கவில்லை. முதலாளி என்னிடம் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதபடி நான் நடந்துகொண்டேன்.

கன்னியம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் பஞ்சாலையில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டு இறந்துபோனார். ஒரே மகள், லட்சுமி. கன்னியம்மாள் அதிகம் பேச மாட்டாள். வேலையில் சுத்தம். வடித்த சோற்றில் ஒரு பருக்கை கால்வாயில் போனாலும் அவளுக்குப் பொறுக்காது, குனிந்து பொறுக்கிக் கோழிக்கு என்று மடியில் கட்டிக்கொள்வாள். மூன்றாவது அண்டாவில் அவளைப் போட்டதே அவள் நிதானமானவள் என்பதால்தான்.

போன ஜனவரியில் பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை, காலை பத்து மணி வாக்கில், கம்பியும் கொண்டியும் சேர்ந்து விட்டுவிட்டன. இந்த முறை அண்டா முழுதாகச் சாய்ந்தது. கொதிக்கிற கஞ்சி இடுப்புக்குக் கீழே அவளைப் பிடித்துக்கொண்டது. வெந்நீரானால் ஓடிவிடும். கஞ்சி ஒட்டிக்கொள்ளும். புடவையை அவிழ்த்தபோது என்ன வந்தது என்பதைச் சின்னப்பாப்பா சொல்லியிருப்பாள், நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது காலம் வேறு சரியில்லை. முந்தின மாதம்தான் வடக்கே ஓர் ஊரில் விஷவாயு கசிந்து ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள் என்று ரேடியோவில் நாள் தவறாமல் சொன்னார்கள். இனிமேல் ஆய்வாளர்கள் எல்லா இடத்துக்கும் நேரில் போய்ப் பார்ப்பார்கள் என்று பேச்சு. எங்களுக்கோ இன்னும் பல பள்ளிக்கூடங்களுக்குச் சமைக்கிற ஒப்பந்தம் வருகிற நேரம். முதலாளி தொலைபேசியில் கேட்டார், 'ரொம்பவா முசே?' கொஞ்சம் ரொம்பத்தான் என்றேன். 'பாத்துக்கங்க' என்றார். அறுபது வீட்டு அடுப்பு என் தலையில் இருப்பதாக எனக்குத் தோன்றியது. என் கையில் என்ன இருக்கிறது, சொல்லுங்கள். மேலே சொல்கிறவர் ஒன்றும் சொல்லவில்லை, கீழே இருப்பவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் எப்படி வெந்தது, எங்கே வெந்தது என்று கேட்டுப் போலீசுக்குச் சொல்லிவிடுவார்கள். அதனால் வடிவேலைக் கூப்பிட்டேன். அவர் பழைய கம்பவுண்டர், எங்கள் பெண்களுக்கெல்லாம் அவர்தான் கட்டுப் போடுவார். ஊதா மருந்தைத் தடவித் துணி சுற்றினார். கன்னியம்மாளை வீட்டுக்கு அனுப்பினோம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சட்டச் சிக்கல் வந்தது. ஞாயிறு விடுமுறை. திங்கள் பொங்கல். செவ்வாய் மாட்டுப் பொங்கல். புதன்கிழமைதான் சமையற்கூடம் திறக்கும். அதற்குள் நாற்பத்தெட்டு மணி நேரம் தாண்டிவிடும். விடுமுறை நேரம் கணக்கில் சேருமா, சேராதா? எனக்குத் தெரிந்தவரை வரியில் அது இல்லை. யாரையாவது கேட்கலாம் என்றால் உங்களைத்தான் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில்கூட எனக்கு அதே யோசனை. எதற்கு வம்பு, பொங்கல் அன்றைக்கே அவளை ஒருமுறை வேலைக்கு வரவழைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ரிக்‌ஷாக்காரர் பாவாடையைக் கூட்டிக்கொண்டு நானே அரியாங்குப்பம் போனேன். ஊரே மணக்கிறது. தெருவெல்லாம் கோலம். கன்னியம்மாள் வீட்டு வாசலில் லட்சுமி பொங்கல் பானையை அப்போதுதான் இறக்கிக்கொண்டிருந்தாள். இருபது வயதுப் பெண்.

'பொங்க அன்னிக்குமா முசே?' என்றாள்.

'சும்மா வந்து தலையக் காட்டிட்டுப் போனா போதும்மா. அம்மா நல்லதுக்குத்தான் சொல்றேன். கூலி நிக்காது பாரு.'

அந்தப் பெண் நம்பினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர் சேர்ந்து கன்னியம்மாளைத் தூக்கி ரிக்‌ஷாவில் வைத்தார்கள். பாலத்தின் மேல் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். கத்தவில்லை. பாவாடை மெதுவாகத்தான் மிதித்தார்.

பூட்டைத் திறந்து உள்ளே போனோம். ஈயாடாத சமையற்கூடத்தை நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். நீராவி இல்லை, சத்தம் இல்லை. அண்டாக்கள் கழுவிக் கிடந்தன. பாயில் உட்கார அவளால் முடியவில்லை, அதனால் என் நாற்காலியைப் போட்டு, காலுக்கு ஓர் அரிசி மூட்டையை இழுத்து வைத்தேன்.

'யாருமே இல்லியே முசே' என்றாள். 'இன்னிக்கி யாருக்குச் சோறு?'

'யாருக்கும் இல்ல. நீ சும்மா குந்து கன்னியம்மா.'

'வேல எதுனா குடுங்க. சும்மா குந்தறதுக்கு ஒரு மாதிரியா இருக்குது.'

பூண்டைக் கொடுத்தேன். உரித்தாள். விரல் நடுங்கியதால் ஒரு பல்லுக்கு நிறைய நேரம் ஆனது. நான் எதிரே ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு சின்னத் தூக்கை எடுத்து நீட்டினாள். 'லட்சுமி ஒங்களுக்குன்னு குடுத்தனுப்புனா. ஆறிப்போவப் போவுது, சாப்புடுங்க.' சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். முந்திரியெல்லாம் போட்டிருந்தார்கள். நன்றாக இருந்தது. சாப்பிட்டு முடித்த பிறகு அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டேன். அன்று என் மனதில் ஒரு நிம்மதி இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. கன்னியம்மாள் வேலைக்கு வந்துவிட்டாள். வரியில் இருப்பது நடந்துவிட்டது.

புதன்கிழமையிலிருந்து தினமும் பாவாடை போய் அவளைக் கூட்டிவருவார். இரண்டு பேர் தூக்கி இறக்குவார்கள். மூன்று நான்கு நாளில் அவளால் பூண்டு உரிக்க முடியவில்லை. அப்போது மற்ற பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஸ்டோர் பக்கம் போகும்போதும் வரும்போதும் தாங்கள் உரித்ததில் ஒவ்வொரு கைப்பிடியை அவள் முறத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். சாயந்திரம் முறம் நிறைந்திருக்கும். அவளை யாரும் வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடாது, கூலி போய்விடக்கூடாது என்று அவர்களுக்குப் பயம். அஞ்சலாட்சிதான் அதிகம் போட்டாள். நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்தேன். அவர்களுடைய நல்ல மனதைக் கெடுப்பானேன் என்று நினைத்தேன்.

வடிவேல் ஒருநாள் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் சுற்றாமல் என்னை வெளியே கூப்பிட்டார்.

'முசே, இது என் கைய மீறிப் போயிடுச்சு. சீழ் வச்சு உள்ள எறங்குது. இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுங்க. நாளைக்குன்னு வைக்காதீங்க.'

'சரி' என்றேன். கட்டைச் சுற்றிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து நான் அவரைக் கூப்பிடவில்லை. துணியை மட்டும் சின்னப்பாப்பா மாற்றினாள்.

வீட்டில் என் மனைவி பெர்னதெத்துக்கு எதுவும் தெரியாது. கன்னியம்மாளை ரிக்‌ஷாவிலிருந்து இறக்கும்போது நானும் ஒரு கை பிடிப்பேன், அதனால் சட்டையில் வாடை ஒட்டிக்கொள்ளும். பெர்னதெத் துவைக்கப் போட்ட சட்டையை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். 'என்னங்க இது, செத்த எலி மாதிரி?' சமையற்கூடத்தில் ஒரு பெண்ணுக்குக் காலில் புண் என்றேன். 'ஆஸ்பத்திரியில காட்டினீங்களா?' காட்டியாயிற்று என்றேன். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவளிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அவள் அந்தச் சட்டையை இரண்டு முறை துவைத்தாள்.

அந்த நாட்களில் எந்த நாளிலும் நான் கன்னியம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாம். அப்படிச் சொல்வது சுலபம். முதல் நாளே போகாதவன் ஐந்தாம் நாள் போனால் இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய் என்ற கேள்வி வரும். எட்டாம் நாள் போனால் கேள்வி இன்னும் பெரிதாகும். நாள் ஏற ஏற என்னால் போக முடியாமல் ஆகிவிட்டது. சேற்றில் கால் வைத்த கதைதான். கன்னியம்மாளும் போக வேண்டும் என்று கேட்கவில்லை. என்னைத்தான் பார்ப்பாள். முசே எது செய்தாலும் சரியாக இருக்கும் என்பது போலப் பார்ப்பாள். என்னால் அவளைப் பார்க்க முடியாது. வேலை இருப்பது போல எழுந்து போய்விடுவேன்.

கடைசி நாள் வியாழக்கிழமை. வரும்போதே உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பேச்சு புரண்டது. வேன் புறப்படுகிற சத்தம் கேட்டு ஆலைச் சங்கு என்று நினைத்துக்கொண்டாள். 'சங்கு ஊதிடுச்சு. அவரு வந்துருவாரு. போவணும்' என்றாள். திரும்பத் திரும்பப் போவணும், போவணும் என்றாள். சின்னப்பாப்பா அவள் கழுத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு அடுப்பைப் போட்டது போட்டபடி என்னிடம் வந்தாள்.

'நெருப்பா கொதிக்குது முசே. நீங்க கொண்டு போறீங்களா, நான் கொண்டு போகட்டுமா?'

'நானே கொண்டு போறேன்' என்றேன். 'நீ போனா இங்க மதியச் சோறு என்னாவுறது?'

'பெரியாஸ்பத்திரிக்குத்தானே?'

'ஆமாம்.'

எல்லோரும் சேர்ந்து அவளை ரிக்‌ஷாவில் ஏற்றினார்கள். பக்கத்தில் நான் உட்கார்ந்து தாங்கிக்கொண்டேன். எங்கள் வாசலில் வடக்கே திரும்பினால் டவுன், ஆஸ்பத்திரி. தெற்கே திரும்பினால் பாலம், அரியாங்குப்பம். பாவாடை வடக்கே திருப்பினார். கொஞ்ச தூரம் போகவிட்டு, எங்கள் வாசல் மறைந்ததும் நிறுத்தச் சொன்னேன்.

'வீட்டுக்கு விடு.'

'ஆஸ்பத்திரின்னாங்களே முசே.'

'அவங்களே வீட்டுக்குப் போவணும்ன்றாங்க. கேக்கல உனக்கு?'

பாவாடை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரும் என்ன செய்வார், வாடிக்கைக்காரர் சொன்னால் திருப்பத்தான் வேண்டும். திருப்பினார். எங்கள் வாசலை மறுபடி தாண்டும்போது நான் ரிக்‌ஷாவின் படுதாவை இறக்கிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

அப்போது நான் யோசித்தேனா என்று கேட்டீர்கள். யோசித்தேன். ஆஸ்பத்திரியில் இறந்தால் எதனால் என்று கேட்பார்கள். சமையற்கூடத்தில் இறந்தால் உடனே அறிவிக்க வேண்டும், அதற்கு வரியில் மறுபேச்சே கிடையாது. வீட்டில் இறந்தால் அது காய்ச்சல். இந்த மூன்றையும் நான் அந்த ரிக்‌ஷாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தேன். அவள் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. பாலத்தின் மேல் காற்று அடித்தபோது அவளுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்க வேண்டும், போவணும் என்பதை நிறுத்திவிட்டாள்.

லட்சுமி ஓடிவந்தாள். அவளிடம் நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன். 'பயப்படாதம்மா. வெறும் காய்ச்சல்தான். கஞ்சி வச்சுக் குடு, சரியாப் போயிடும். நாளைக்கு வேலைக்கு வர வேணாம், ரெஸ்ட் எடுக்கட்டும்.' எழுந்து நடமாட முடியாதவளுக்கு முதல் முறையாக விடுமுறை கொடுத்தேன். இரண்டு வாய் கஞ்சி இறங்கியதாம். சாயந்திரம் விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே போய்விட்டாள்.

மறுநாள் மாலையோடு போனேன். அந்தப் பெண் என்னைக் கேட்கப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். எங்கம்மாவை ஏன் முசே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை என்று கேட்பாள், கேட்டால் சொல்லிவிடலாம், சொல்லிவிட்டால் எனக்கும் பாரம் குறையும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். 'ஒருநா கூலிகூட வெட்டாம எங்கம்மாவக் குந்த வச்சுப் பாத்துக்கிட்டீங்களே முசே. பொங்கலன்னிக்குக்கூட வந்தீங்களே. யாரு செய்வாங்க.' கூடியிருந்த ஜனம் எல்லாம் தலையை ஆட்டியது. எழுந்திரும்மா என்று தூக்கி நிறுத்தினேன். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை. நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

சின்னப்பாப்பா மட்டும் பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். பாவாடை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட வேறு ஆளை அனுப்பித்தான் கேட்பாள். அப்போதும் அவள் உங்களிடம் வரவில்லை. அவளுக்கும் வேலை வேண்டுமே. லட்சுமியை நான் வேலைக்கு எடுத்த அன்றைக்குத்தான் அவள் அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, நேராக உங்கள் அலுவலகத்துக்கு நடந்து வந்தாள்.

லட்சுமிக்கு வேலை போட்டுக் கொடுத்தது என் சொந்த முயற்சி, ஐயா. முதலாளி தயங்கினார். நான்தான் இரண்டு முறை போய் நின்று கேட்டு வாங்கினேன். தாயில்லாத பெண், நாம் பார்க்காவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று சொன்னேன். மூன்றாவது அண்டாவில் நிறுத்தியிருக்கிறேன். கம்பி புதிது. எட்டு சுற்று சுற்றியிருக்கிறேன். காலையில் அவள் வந்ததும் முதல் வேலையாக, பார்த்து வடிம்மா என்று தவறாமல் சொல்கிறேன். அவளும் சரி முசே என்பாள். அம்மாவைப் போலவே நிதானமான பெண்.

கன்னியம்மாளைக் கொன்றது அண்டா இல்லை, நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். மறுக்க மாட்டேன், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கடைசியாக நீங்கள் ஒன்று கேட்டீர்கள் பாருங்கள், அம்மா வெந்த அதே அண்டாவில் மகளைக் கொண்டுபோய் எப்படி நிறுத்த மனம் வந்தது என்று, அதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேண்டுமென்று செய்ததாக நீங்கள் நினைத்துவிடக் கூடாது. காய் நறுக்குகிற இடம், பாத்திரம் கழுவுகிற இடம், வேனில் ஏற்றுகிற இடம், எல்லாவற்றையும் நான் பார்த்தேன். எங்கும் ஆள் இருக்கிறது. அந்த ஓர் இடம்தான் காலியாக இருந்தது.